பானை ஒருவரிடம், பொட்டலம் இன்னொருவரிடம்

2023 மே மாதத்தில் சூடான் தலைநகர் கார்ட்டூமில் ஒரு தொழிற்சாலை எரிந்தது. சமில் இண்டஸ்ட்ரியல் என்ற அந்த உள்ளூர் நிறுவனம்தான், கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டில் விழுந்த சூடான் குழந்தைகளுக்கான சிகிச்சை உணவில் 60 விழுக்காட்டைத் தயாரித்து வந்தது. யுனிசெஃபுக்காகச் செய்து அடுக்கியிருந்த 14,500 பெட்டிகள் தீயில் போயின. ஒரு குழந்தை தேறி வர ஏறத்தாழ ஒரு பெட்டி வேண்டும். ராணுவத்துக்கும் துரித ஆதரவுப் படை என்னும் துணை ராணுவத்துக்கும் இடையே ஏப்ரல் 15 அன்று போர் மூண்டு அப்போது ஆறு வாரம்கூட நிறையவில்லை.

அதே வாரங்களில் அதே நகரத்தின் தெருக்களில் அடுப்புகள் மூட்டப்பட்டன. ஐ.நா. அமைப்புகளின் அதிகாரிகளும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களின் வெளிநாட்டு ஊழியர்களும் நகரத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தபோது, அந்தந்தத் தெருவின் இளைஞர்களும் பெண்களும் அண்டாக்களைத் தூக்கி வந்து பருப்பும் அவரையும் வேகவைத்தார்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். குழந்தையைக் காப்பாற்றும் பொட்டலம் ஒரு பக்கம், குழந்தை இருக்கும் வீடு தெரிந்தவர்கள் மறுபக்கம். இரண்டும் ஒரே இடத்தில் சேர்வதற்கு என்ன தடை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. என் பார்வையில் இந்தத் தடைக்குப் போர் ஒரு பகுதிக் காரணம்தான். பெரும்பகுதி, உதவித் துறை தன் பணத்தையும் முடிவெடுக்கும் உரிமையையும் வைத்திருக்கும் விதத்திலிருந்து வருகிறது.

சூடானின் தெருச் சமையற்கூடங்கள் திடீரென்று முளைத்தவை அல்ல. ஊர் கூடி ஒருவர் வயலை அறுப்பது, வீட்டை எழுப்புவது போன்ற கூட்டுழைப்புக்கு அங்கே ‘நஃபீர்’ என்று பெயர். 2013-இல் கார்ட்டூமில் பெருவெள்ளம் வந்தபோது இளைஞர்கள் அந்தப் பெயரிலேயே நிவாரண வேலை செய்தார்கள். வழிப்போக்கருக்கும் ஏழைக்கும் சோறிடும் சூஃபி மடங்களின் ‘தக்கியா’ வழக்கம் அதைவிடப் பழையது. 2018-19 மக்கள் எழுச்சியின்போது, உமர் அல் பஷீரின் ஆட்சி விழுந்த காலத்தில், தெருத்தெருவாக எதிர்ப்புக் குழுக்கள் உருவாகியிருந்தன. போர் வந்ததும் இந்த மூன்றும் கலந்து ‘அவசரகால அறைகள்’ என்ற அமைப்பாயின. குடிநீர், ஆம்புலன்ஸ், மருந்து, மக்களை வெளியேற்றுவது என்று பல வேலைகளை அவை செய்கின்றன. பொதுச் சமையற்கூடம் அவற்றில் ஒன்று.

பணம் எப்படி வருகிறது? வெளிநாட்டில் இருக்கும் சூடானியர்கள் ‘பன்காக்’ என்னும் வங்கிச் செயலி வழியாக அனுப்புகிறார்கள். அலைபேசிக் கோபுரங்கள் விழுந்த இடங்களில் யாரோ ஒருவர் ஸ்டார்லிங்க் கருவி வைத்திருப்பார். கட்டணம் கொடுத்து அவரிடம் போய்த்தான் பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும். செயலியில் இருக்கும் பணத்தைக் கையில் நோட்டாக வாங்க வணிகருக்குத் தரகு கொடுக்க வேண்டும். முற்றுகை இறுக இறுகத் தரகும் ஏறும். இவ்வளவையும் தாண்டித்தான் பருப்பு மூட்டை வாங்கப்படுகிறது. வாங்கியதற்குச் சீட்டும் படமும் எடுத்து அனுப்புகிறார்கள். பதிவு செய்யப்படாத, அலுவலகம் இல்லாத இந்த அறைகளுக்கு 2025-இல் ராஃப்டோ பரிசும் ரைட் லைவ்லிஹுட் விருதும் கிடைத்தன. பரிசு கிடைத்தது நல்லது. ஆனால் பரிசு தருகிற அதே உலகம் நிதி தரும்போது வேறு முகம் காட்டுகிறது.

சமையற்கூடத்தால் எது முடியும், எது முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வேகவைத்த அவரையோ சோளக் களியோ ஒரு வேளை கிடைத்தால் பெரியவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். பாலூட்டும் தாய் சாப்பிட்டால் பால் நிற்காது. பசியின் பாதையில் ஒரு குடும்பம் கீழே போவதை அது தாமதப்படுத்தும். அந்த வகையில் ஊட்டச்சத்துக் குறைபாட்டைத் தடுக்கிற முதல் அரண் அதுதான். ஆனால் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தையின் வயிறு சிறியது; கொஞ்ச உணவிலேயே கொழுப்பும் புரதமும் நுண்சத்துகளும் அதற்கு நிறையத் தேவை. ஏற்கெனவே உடல் வற்றிப்போன குழந்தையைப் பருப்புத் தண்ணீரால் மீட்க முடியாது.

அந்தக் குழந்தைக்கு வேண்டியது வேறு. சிகிச்சை மையத்தில் பணியாளர், குழந்தையின் இடக் கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு நாடாவைச் சுற்றுகிறார். 125 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் பச்சை. 115-க்கும் 125-க்கும் நடுவில் மஞ்சள். 115-க்குக் கீழே சிவப்பு, உயிருக்கு ஆபத்து. பிறகு இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்திப் பார்க்கிறார். குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர்வீக்கம். கைச்சுற்றளவு எவ்வளவாக இருந்தாலும் குழந்தை கடும் நிலையில்தான் இருக்கிறது. அடுத்தது பசிச் சோதனை. 92 கிராம் பொட்டலம் ஒன்றின் மூலையைக் கிழித்து அம்மாவிடம் கொடுக்கிறார்கள். நிலக்கடலை, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், நுண்சத்துக் கலவை சேர்ந்த பசை, 500 கலோரி, தண்ணீர் கலக்க வேண்டாம், சமைக்க வேண்டாம். குழந்தை சப்பிச் சாப்பிட்டால் ஒரு வாரத்துக்கான பொட்டலங்களோடு வீட்டுக்குப் போகலாம். வாயைத் திருப்பிக்கொண்டால் உள்ளே நோய் இருக்கிறது என்று பொருள். மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

பிரான்ஸின் குழந்தை மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்தும் நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷேல் லெஸ்கானும் 1990-களின் நடுவில் உருவாக்கிய இந்தப் பசை, சிகிச்சையை மருத்துவமனைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்தது. அதற்கு முன்னால் தாய் மூன்று நான்கு வாரம் குழந்தையோடு சிகிச்சை முகாமில் தங்க வேண்டும். மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது, விதைப்புக்கு யார் போவது என்று பலர் வரவே மாட்டார்கள். வந்தவர்கள் பாதியில் போய்விடுவார்கள். ஸ்டீவ் காலின்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 2000-இல் எத்தியோப்பியாவில் வீட்டிலேயே சிகிச்சை தரும் முறையைச் செய்து பார்த்தார்கள். அடுத்த ஆண்டே அது சோதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று சூடானின் வடதார்பூர். 2007-இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக உணவுத் திட்டம் ஆகியவை உள்ளிட்ட ஐ.நா. அமைப்புகள் கூட்டறிக்கை வெளியிட்டு இந்த முறையை ஏற்றுக்கொண்டன. இன்று உலகம் முழுவதும் பின்பற்றப்படும் முறை, பிறகு பஞ்சம் அறிவிக்கப்பட்ட அதே மண்ணில் பழகிப் பார்க்கப்பட்டது என்பதைச் சூடானைப் பற்றிய செய்திகளில் யாரும் நினைவுபடுத்துவதில்லை.

அந்த முறை வந்த நாளிலிருந்து சிகிச்சையின் வெற்றி மருத்துவரைவிட அதிகமாக ஊராரை நம்பியிருக்கிறது. ஸ்ஃபியர் என்ற பன்னாட்டுத் தர நெறிகளைப் பார்த்தாலே இது தெரியும். குணமானவர்கள் 75 விழுக்காட்டுக்கு மேல், இறந்தவர்கள் 10-க்குக் கீழ், இடையில் நின்றவர்கள் 15-க்குக் கீழ் இருக்க வேண்டும். தேவையுள்ள குழந்தைகளில் கிராமப்புறத்தில் பாதிக்கு மேலும், நகரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேலும், முகாம்களில் 90-க்கு மேலும் சிகிச்சைக்குள் வந்திருக்க வேண்டும். குணமாக்குவதில் பொட்டலத்துக்கும் மருந்துக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் குழந்தையைக் கண்டுபிடித்துக் கூட்டி வருவதும், இரண்டாம் வாரம் வராத தாயின் வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேட்பதும் ஊர்க்காரர் வேலை. சாலையில் எந்தச் சோதனைச்சாவடியில் இன்று யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தவர்தான் அதைச் செய்ய முடியும்.

காகிதத்தில் இதை யாரும் மறுக்கவில்லை. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994-இல் எழுதிய நடத்தை நெறியின் ஆறாவது கொள்கையே, உள்ளூர்த் திறன்மீது நிவாரணத்தைக் கட்டுவோம் என்பதுதான். 2007-இல் கூட்டாண்மைக் கொள்கைகள் வந்தன. சமத்துவம் அவற்றில் முதலாவது. 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில், 2020-க்குள் நிதியில் 25 விழுக்காட்டை முடிந்தவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குத் தருவதாகப் பெரிய நன்கொடை நாடுகளும் நிறுவனங்களும் உறுதி கூறின. நேரடியாகச் சென்ற தொகை ஆண்டுக்காண்டு ஐந்து விழுக்காட்டுக்குக் கீழேயே நின்றது.

மீதி எப்படிப் போகிறது? நன்கொடை நாடு ஐ.நா. அமைப்புக்குத் தருகிறது, அது பன்னாட்டு நிறுவனத்துக்கு, அது உள்ளூர் அமைப்புக்கு. ஒவ்வொரு படியிலும் நிர்வாகச் செலவுக்கு ஒரு பங்கு நிற்கும். கடைசிப் படியில் இருப்பவருக்குப் பெரும்பாலும் அந்தப் பங்கு கிடைப்பதில்லை. செய்த வேலைக்கான செலவு மட்டும் கிடைக்கும். கணக்காளருக்குச் சம்பளம், அலுவலக வாடகை, ஊழியருக்குக் காப்பீடு, திட்டம் முடிந்து அடுத்த திட்டம் வரும் வரையிலான மாதங்கள் ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது. பிறகு அதே அமைப்பைப் பார்த்து, உங்களுக்குக் கணக்கு வைக்கும் திறன் போதவில்லை, பயிற்சி தருகிறோம் என்கிறார்கள். பயிற்சி பெற்றவரை நல்ல சம்பளம் கொடுத்துப் பன்னாட்டு நிறுவனமே எடுத்துக்கொள்ளும். இதைக் கூட்டாண்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது கூலி ஒப்பந்தம்.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு நடந்த பன்னாட்டுக் கூட்டு மதிப்பாய்வு, வெளியிலிருந்து வந்த நிறுவனங்கள் உள்ளூர் அமைப்புகளை ஓரங்கட்டின, அவற்றின் ஊழியர்களை இழுத்துக்கொண்டன என்று 2006-இல் வெளிப்படையாக எழுதியது. இருபது ஆண்டு கழித்தும் அதே குறை அதே வார்த்தைகளில் எழுதப்படுகிறது.

ஊட்டச்சத்துத் துறைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இதை நெருங்கிப் பார்க்காமல் கூட்டாண்மை பற்றிப் பேசுவதில் பயனில்லை. சிவப்பில் இருக்கும் குழந்தைக்கான பொட்டலத்துக்குப் பொறுப்பு யுனிசெஃப். மஞ்சளில் இருக்கும் குழந்தைக்கான, சற்றே வேறுபட்ட பொட்டலத்துக்குப் பொறுப்பு உலக உணவுத் திட்டம். ஆகவே ஒரு சிறிய உள்ளூர் அமைப்பு ஒரே கூடாரத்தில் இரண்டு சிகிச்சையும் தர வேண்டுமானால் இரண்டு அமைப்புகளோடு இரண்டு ஒப்பந்தம் போட வேண்டும். இரண்டு கிடங்குப் பதிவேடு, இரண்டு அறிக்கைப் படிவம், இரண்டு தணிக்கை. ஒரு குழந்தையின் கைச்சுற்றளவு 114 மில்லிமீட்டர் என்றால் பொறுப்பு ஒரு கிடங்குக்கு, 116 என்றால் இன்னொரு கிடங்குக்கு. அந்த மாதம் இரண்டாவது கிடங்கு காலியாக இருந்தால் 116-இல் வந்த குழந்தை வெறுங்கையோடு வீட்டுக்குப் போய், சிவப்புக்கு இறங்கிய பிறகுதான் உதவிக்குத் தகுதி பெறும். போர்ப் பகுதியில் கிடங்குகள் ஒன்றாக நிறைவதும் இல்லை, ஒன்றாகக் காலியாவதும் இல்லை.

நைஜரில் நடந்தது எனக்கு நம்பிக்கை தருகிறது. 2005 உணவு நெருக்கடியில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே 60,000-க்கும் மேற்பட்ட கடும் நிலைக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தது. 2008-இல் அதன் பிரெஞ்சுப் பிரிவின் பணியை அரசு நிறுத்திவிட்டது. அனுபவமிக்கவர்கள் போய்விட்டார்கள், குழந்தைகள் அங்கேயே இருந்தார்கள். அந்த அமைப்பிலிருந்து வந்த சிலர் 2009-இல் ‘அலிமா’ என்ற புதிய அமைப்பைத் தொடங்கியபோது, தனிக்கொடி நாட்டாமல், நைஜர் மருத்துவர்களின் அமைப்பான ‘பெஃபன்’ உடன் தோள்சேர்ந்தார்கள். மாலியில் உள்ளூர் மருத்துவர்களின் அமைப்பு ஒன்றோடும் அதுபோலவே. அலிமாவின் தலைமையகம் செனகலின் டக்கார் நகரில் இருக்கிறது. தேசிய மருத்துவ அமைப்புகள் அதன் கூட்டாளிகள்.

நைஜரின் மிரியா மாவட்டத்தில் பெஃபனும் அலிமாவும் சேர்ந்து ஒரு சோதனை செய்தன. கைச்சுற்றளவு நாடாவைத் தாய்மார்களிடமே கொடுத்துப் பழக்கினார்கள். வேறொரு பகுதியில் வழக்கம்போல் சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் அளந்தார்கள். தாய்மாரின் அளவு பணியாளர்களின் அளவுக்குக் குறைவில்லை. குழந்தைகள் முன்கூட்டியே, உடல்நிலை இன்னும் மோசமாவதற்குள் சிகிச்சைக்கு வந்தார்கள், மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர்கள் குறைந்தார்கள், செலவும் குறைந்தது. அலிமா அடுத்து, சிவப்பு மஞ்சள் என்ற பிரிவையே எடுத்துவிட்டு, 125-க்குக் கீழே உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பொட்டலம், தேறத் தேறக் குறையும் அளவு என்ற எளிய முறையை பூர்கினா ஃபாசோவிலும் காங்கோவிலும் சோதித்தது. கிடங்குப் பிரிவினையால் வரும் துயரத்தைத் தினமும் பார்த்த கைகள்தான் இப்படி யோசிக்கும். யோசிக்கவும் முடிவெடுக்கவும் உள்ளூர் மருத்துவருக்கு இடம் இருந்தது என்பதே அந்த ஏற்பாட்டின் பலம்.

உணவையே உள்ளூரில் செய்யும் முயற்சியும் கூட்டாண்மையின் ஒரு பகுதிதான். இலங்கையின் திரிபோஷா என்ற சத்துமாவு 1973-இல் கேர் நிறுவனம், அமெரிக்க உதவி, சுகாதார அமைச்சு ஆகியவற்றின் கூட்டுத் திட்டமாகத் தொடங்கியது. வெளியிலிருந்து வந்த மாவுக்குப் பதிலாகப் படிப்படியாகச் சோளமும் சோயாவும் சேர்த்து நாட்டிலேயே செய்யத் தொடங்கினார்கள். பிறகு அது அரசின் நிறுவனமாயிற்று. வெளியார் விலகிய பின்னும் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் அது கிடைத்து வந்தது. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் தரமான சோளம் கிடைக்காமல் சிறு குழந்தைகளுக்கான உற்பத்தி தடைப்பட்டது. சோளத்திலும் நிலக்கடலையிலும் பூஞ்சையால் வரும் அஃப்ளடாக்சின் நஞ்சு உள்ளூர்த் தொழிற்சாலைகளை விடாமல் துரத்தும் பிரச்சினை. சூடான் உலகில் நிலக்கடலை மிகுதியாக விளையும் நாடுகளில் ஒன்று என்றாலும், பரிசோதனைக் கூடமும் நல்ல சேமிப்புக் கிடங்கும் இல்லாமல் அந்தக் கடலை குழந்தையின் பொட்டலத்துக்குள் போக முடியாது. வெளிநாட்டு நிறுவனங்களின் பணமும் தொழில்நுட்பமும் அவசியமாக வேண்டிய இடம் இது.

பன்னாட்டு நிறுவனங்கள் சொல்லும் தயக்கங்களையும் தட்டிக்கழிக்கக் கூடாது. வரி கட்டுகிறவரின் பணத்துக்குக் கணக்கு வேண்டும். தெருக்குழு ஒன்று ஒரு தரப்பாருக்கு மட்டும் சோறிட்டால் அதை யார் தட்டிக்கேட்பது? ஆயுதக்குழு மூட்டையைப் பறித்தால் யார் பொறுப்பு? நியாயமான கேள்விகள். ஆனால் இவற்றுக்குச் சூடானில் பதில் உருவாகி வந்திருக்கிறது: அவசரகால அறைகள் தங்களுக்குள் ஒருங்கிணைப்புக் குழு அமைத்துக்கொண்டன, செலவை மக்கள் முன்னே காட்டின, ஐ.நா.வின் சூடான் மனிதாபிமான நிதியமும் இடைநிலை நிறுவனங்கள் வழியாகச் சிறு நிதிகளைத் தரத் தொடங்கியது. நன்கொடையாளர் தன் தணிக்கைப் படிவத்தை மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு இது சான்று.

ஆபத்தில் மட்டும் பங்கீடு வேறு மாதிரி: அதன் பெரும்பங்கு உள்ளூர்க்காரர்களுக்குத்தான். இரு தரப்புப் படைகளாலும் தன்னார்வலர்கள் கைதானார்கள், கொல்லப்பட்டார்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று வடதார்பூரில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஜம்ஜம் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. பஞ்சம் என்ற அறிவிப்புக்கு மூன்று அளவுகோல்கள்: ஐந்தில் ஒரு வீட்டில் கடும் உணவுப் பற்றாக்குறை, குழந்தைகளில் 30 விழுக்காட்டுக்கு மேல் உடல் வற்றல், நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரில் இரண்டுக்கு மேற்பட்ட சாவு. அந்த ஜம்ஜம் முகாமைத் துரித ஆதரவுப் படை 2025 ஏப்ரலில் தாக்கியபோது, ரிலீஃப் இன்டர்நேஷனல் என்னும் தொண்டு நிறுவனம் நடத்திய மருத்துவ நிலையத்தில் ஒன்பது ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள்.

அதற்கு மூன்று மாதம் முன்னால் இன்னொரு அடி விழுந்திருந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியது. சூடானின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுச் சமையற்கூடங்கள் சில நாள்களில் மூடப்பட்டன என்று தன்னார்வலர்கள் கணக்குச் சொன்னார்கள். பல படிகள் தாண்டி வந்த பணம் என்பதால், எந்தப் படியில் கதவு மூடியது என்றுகூடத் தெரியாமல் அண்டாக்கள் கவிழ்ந்தன. அதே ஆண்டு முற்றுகையிடப்பட்ட வடதார்பூர் நகரமான எல் ஃபாஷரில் மக்கள் ‘அம்பாஸ்’ என்னும் கடலைப் பிண்ணாக்கைத் தின்று உயிர்வாழ்ந்தார்கள். எண்ணெய் எடுத்த பின் கால்நடைக்குப் போடும் சக்கை அது. அதே கடலையிலிருந்து செய்த சிகிச்சைப் பசை முற்றுகைக்கு வெளியே லாரிகளில் காத்துக் கிடந்தது.

2025-இல் ஜம்ஜமிலிருந்தும் எல் ஃபாஷரிலிருந்தும் தப்பியவர்கள் இலட்சக்கணக்கில் தவீலா என்னும் ஊரில் வந்து சேர்ந்தார்கள். அங்கே சமையற்கூடங்கள் இருக்கின்றன. பன்னாட்டு மருத்துவக் குழுக்களும் இருக்கின்றன. தட்டோடு வரிசையில் நிற்கும் ஒவ்வொரு குழந்தையின் கையிலும், சோறு வாங்கும் அந்த இடத்திலேயே நாடாவைச் சுற்றலாம். சமைக்கும் பெண்களுக்கு அதைப் பழக்க அதிக நேரம் ஆகாது. மிரியாவின் தாய்மார்களுக்குப் பழக்கியதுதான். சிவப்பில் இருப்பவரை அன்றே மையத்துக்கு அனுப்பலாம். மையம் எட்டாத இடத்தில், பயிற்சி பெற்ற சமூகச் சுகாதாரப் பணியாளரே சிகிச்சை தரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. சாலை அடைபடும் முன்பே அவர்களிடம் சில மாதத்துக்கான பெட்டிகளை ஒப்படைத்து வைக்க வேண்டும். இரண்டு கிடங்குக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் போட வேண்டும். பன்னாட்டு நிறுவனம் எடுத்துக்கொள்ளும் நிர்வாகச் செலவின் அதே விழுக்காடு உள்ளூர் அமைப்புக்கும் போக வேண்டும். காயம்பட்ட தன்னார்வலரின் சிகிச்சைச் செலவும், இறந்தவரின் குடும்பத்துக்கான தொகையும் முதல் நாள் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். எந்த முகாமுக்கு எத்தனை பெட்டி என்று முடிவுசெய்யும் கூட்டத்தை அரபியில் நடத்த வேண்டும். அண்டா வைத்திருப்பவருக்கு அங்கே வாக்கு இருக்க வேண்டும்.